மைசூர் மைப்படிகளும் மறந்துபோன அடைவும்

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஓர் ஆணை பிறப்பித்தது. மைசூரில் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவில் வைக்கப்பட்டிருக்கும் தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளை ஆறு மாதங்களுக்குள் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். தமிழ் ஆர்வலர் பலர் அதை வெற்றியாகக் கொண்டாடினர். மைசூரிலேயே இருக்கட்டும் என்றவர்களும் இருந்தனர். இரு தரப்பும் உரக்கப் பேசிய அந்த விவாதத்தில் ஓர் எளிய கேள்விக்கு மட்டும் எல்லாரும் ஒப்பும் விடை கிடைக்கவில்லை. தமிழ் மைப்படிகள் எத்தனை? ஒருவர் சொன்ன எண்ணை மற்றவர் ஏற்கவில்லை. பொதுவெளியில் உலவிய எண்கள் ஒன்றுக்கொன்று பல்லாயிரக்கணக்கில் வேறுபட்டன.

தரவுத்தளம் ஒன்று முறையாக இருந்து, அது எல்லார் பார்வைக்கும் திறந்திருந்தால், இந்தக் கேள்விக்கு எஸ்க்யூஎல் மொழியில் ஒற்றை வரி போதும். ஒரு நொடிகூட ஆகாது. அந்த ஒற்றை வரியைப் பொதுவில் இயக்கிக் காட்ட எவராலும் இயலாத நிலையில்தான் காகிதம் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்ற வழக்கு நடந்தது. அந்த ஆணை எந்த அளவுக்கு நிறைவேறியது என்பது வேறொரு பதிவுக்கான பொருள். இங்கே பேச வேண்டியது, அந்த விவாதத்தில் எவரும் கேட்க மறந்த அடைவைப் பற்றி.

தொகுப்பின் வரலாறு தெரிந்ததுதான். 1886இல் ஹூல்ஷ் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பட்டார். 1887 முதல் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் வரத் தொடங்கின. அலுவலகம் உதகையில் இருந்து 1966இல் மைசூருக்கு மாறியது. ஊர் ஊராகச் சென்று, கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துக் குழிகளுக்குள் இறக்கி, மையொற்றி எடுத்த படிகள் அவை. படியெடுத்த பிறகு திருப்பணியின் பெயரால் கல் பெயர்க்கப்பட்ட கோயில்கள் உண்டு. சுண்ணாம்பும் வண்ணமும் பூசப்பட்ட சுவர்கள் உண்டு. மணல்வீச்சால் எழுத்து மழுங்கிய தூண்கள் உண்டு. அத்தகைய இடங்களில் மைப்படிதான் இன்று மூலம். ஆகவே இது சடங்கான ஆவணப் பாதுகாப்பு அன்று. சோழர் கால நில உரிமை, நீர்ப்பங்கீடு, ஊர்ச்சபை, வரி, அடிமை, தேவதானம் பற்றி இனி எழுதப்படும் ஒவ்வொரு வரியும் இந்தத் தாள்களைச் சார்ந்தது.

இந்தத் தொகுப்பு எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டது? படியெடுத்த ஆண்டு, அந்த ஆண்டுக்குள் வரிசை எண். இன்ன ஆண்டின் இத்தனையாவது எண் என்றே கல்வெட்டுகள் இன்றும் அடிக்குறிப்புகளில் சுட்டப்படுகின்றன. சேகரித்தவருக்கு அது மிகச் சரியான ஒழுங்கு. புதிதாக வந்தவற்றைக் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகலாம். தரவுத்தளம் அறிந்தவர் இதை உடனே அடையாளம் காண்பார்: பதிவுகள் நுழைந்த வரிசையிலேயே வட்டில் கிடக்கும் அட்டவணை இது. இதனிடம் எவரும் 1911இன் 233ஆம் எண்ணைத் தா என்று கேட்டால் நொடியில் தரும். 'ஏரி வாரியம் பற்றிய கல்வெட்டுகள் எவை' என்று கேட்டால் முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவு வரை புரட்டத்தான் வேண்டும். முழு அட்டவணை வருடல் என்று அதற்குப் பெயர். ஆய்வாளரோ எப்போதும் இரண்டாவது வகைக் கேள்வியைத்தான் கேட்கிறார். அரசன், ஊர், சொல், பதவிப் பெயர், அளவை ஆகியவற்றை வைத்துத் தேடுகிறார். படியெடுத்த ஆண்டை வைத்து எவரும் வரலாறு எழுதுவதில்லை.

இந்தக் குறையைக் கணினிக்கு வெகுகாலம் முன்பே கண்டவர் ரங்காச்சாரியா. சென்னை மாகாணக் கல்வெட்டுகளை இடவாரியாக அடுக்கிய மூன்று தொகுதிகளை அவர் 1919இல் வெளியிட்டார். மூலத்தை அவர் இடம் மாற்றவில்லை. மூலத்திற்கு வெளியே, வேறோர் ஒழுங்கில், மூலத்தைச் சுட்டும் ஓர் அடைவைச் செய்தார். இரண்டாம்நிலை அடைவு என்று தரவுத்தள நூல்கள் சொல்வது அதைத்தான். 1977இல் ஐராவதம் மகாதேவன் கணினியின் துணையோடு சிந்து எழுத்துகளுக்கு அடைவு வெளியிட்டார். 417 குறிகள் என்று பட்டியலை முதலில் வரையறுத்த பிறகே அடைவு சாத்தியமாயிற்று. 1978இல் கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு அடைவு கொண்டுவந்தனர். பெயர்களும் பட்டங்களும் எந்தக் காலத்தில் எந்த வட்டாரத்தில் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்துச் சோழர் கால நிலவுடைமையைப் பேசும் முறை அந்த வழியில்தான் வலுப்பெற்றது. அவர்கள் எந்தத் தாளையும் எந்த ஊருக்கும் லாரியில் ஏற்றவில்லை.

மைசூரிலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு. 1891இல் தொடங்கப்பட்ட கீழ்த்திசை நூலகத்திற்குத் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்திலான ஓலைச்சுவடி ஒன்றைக் கொடுத்தார். அங்கே பணியாற்றிய ஷாமசாஸ்திரி 1905இல் அது அர்த்தசாஸ்திரம் என்று கண்டார், 1909இல் அச்சிட்டார். ஓலை அதற்கு முன்பும் எங்கோ ஒரு வீட்டில் இருந்தது. இருந்தும் உலகிற்கு அது இல்லை. ஒருவர் படித்து, இன்னது என்று பெயரிட்டு, பட்டியலில் ஏற்றிய நாளில்தான் அது உண்டாயிற்று. பட்டியலில் ஏறாத ஆவணம் சென்னையில் இருந்தாலும் மைசூரில் இருந்தாலும் ஒன்றுதான்.

இனி, கல்விப்புலத்தில் வழங்கும் மூன்று மூடநம்பிக்கைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றும் 'போதும்' என்ற சொல்லில் முடிபவை.

முதலாவது, ஸ்கேன் செய்தால் போதும்.

2023 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் நிதிநிலை அறிக்கை, பாரத் ஸ்ரீ என்ற கல்வெட்டுக் களஞ்சியத்தை அறிவித்தது. முதற்கட்டமாக ஒரு லட்சம் கல்வெட்டுகள் மின்மயமாகும் என்றது. நல்ல அறிவிப்பு. ஆனால் ஒரு லட்சம் என்பது எதன் எண்ணிக்கை? ஒளிப்படக் கோப்புகளின் எண்ணிக்கை என்றால், அது வேகமாகப் புரட்டக்கூடிய பீரோ; அதற்குமேல் எதுவும் இல்லை. படத்திற்குள் இருக்கும் சொல்லைக் கணினி அறியாது. படக்கோப்பின் பெயராக ஒரு வரிசை எண் மட்டும் இருந்தால், 1887இல் இருந்த அதே ஒழுங்குதான் கண்ணாடித் திரையில் மீண்டும் வந்து நிற்கும்.

இங்கேதான் அட்டவணை வடிவமைப்பு தேவைப்படுகிறது. கல் வேறு, கல்லின் மேலுள்ள கல்வெட்டு வேறு, கல்வெட்டின் மைப்படி வேறு, மைப்படியின் தாள் வேறு, வாசிப்பு வேறு, அச்சான பதிப்பு வேறு. ஒரே சுவரில் பல கல்வெட்டுகள் இருக்கலாம். ஒரு நீண்ட கல்வெட்டுக்குப் பல தாள்கள் தேவைப்படலாம். ஒரே கல்வெட்டு வெவ்வேறு ஆண்டுகளில் இருமுறை படியெடுக்கப்பட்டிருக்கலாம். ஒரே மைப்படியை இருவர் இருவிதமாக வாசித்திருக்கலாம். இவை எல்லாவற்றையும் ஒரே எக்செல் தாளில், ஒரே நிரையில் நெருக்கி வைப்பவர்கள் எண்ணும்போது எதை எண்ணுகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. 'எத்தனை' என்ற கேள்விக்கு ஆளுக்கொரு விடை வருவதற்கு இந்தக் குழப்பம் ஒன்றே போதுமானது; எவரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆறுக்கும் ஆறு அட்டவணைகள், ஒவ்வொன்றுக்கும் மாறாத முதன்மை எண், அவற்றை இணைக்கும் அயல் எண்கள் என்று அமைத்தால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் தனித்தனி விடை வரும், ஒவ்வொன்றும் சரியாக வரும்.

ஊரும் அவ்வாறே. 'தஞ்சாவூர் மாவட்டம்' என்று பழைய அறிக்கையில் உள்ள ஊர் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது? நாகப்பட்டினம் 1991இலும், திருவாரூர் 1997இலும், மயிலாடுதுறை 2020இலும் தனி மாவட்டங்களாயின. மாவட்டப் பெயரைக் கல்வெட்டுப் பதிவுக்குள்ளேயே எழுதிவைத்தவர், ஒவ்வொரு பிரிவினையின்போதும் ஆயிரக்கணக்கான பதிவுகளைத் திருத்த வேண்டியிருக்கும். பாதியைத் திருத்தி மீதியை மறப்பதே வழக்கம். ஊருக்குத் தனி அட்டவணை, ஊர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதற்கு இன்னொன்று என்று வைத்தால் ஒரே இடத்தில் ஒரே திருத்தம். 1970இல் காட் என்பவர் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்துகொண்டு முன்வைத்த உறவுசார் மாதிரியின் பயன் இதுதான்.

அரசனும் அவ்வாறே. சோழர் கல்வெட்டுகளில் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்கள் அரசர்க்கு மாறிமாறி வருபவை. இயற்பெயர் இல்லாத கல்வெட்டில் 'இராசகேசரி, யாண்டு 10' என்று மட்டும் இருந்தால் அது எந்த அரசன் என்பது ஆய்வாளரின் முடிவு. கல்லின் கூற்று அன்று. கல் சொன்னதை ஒரு புலத்திலும், இன்ன ஆய்வாளர் இன்ன ஆண்டில் இன்ன காரணத்தால் இன்ன அரசன் எனக் கொண்டார் என்பதை வேறோர் அட்டவணையிலும் வைக்க வேண்டும். தெரியாத இடம் வெறுமையாகவே இருக்க வேண்டும். வெறுமையைக் கண்டு அஞ்சிப் பூஜ்யத்தையோ, தோராயமான ஆண்டையோ நிரப்புபவர், பின்னால் வரும் ஒவ்வொரு சராசரியையும் ஒவ்வொரு வரைபடத்தையும் நஞ்சூட்டுகிறார்.

இரண்டாவது மூடநம்பிக்கை, யூனிகோடில் தட்டச்சு செய்தால் போதும்.

தமிழ்க் கல்வெட்டுகள் பெரும்பாலும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று தொடங்குபவை. அந்த 'ஸ்ரீ' கணினிக்குள் இரண்டு விதமாக இருக்கிறது. ஸகரத்தில் தொடங்கி எழுதுவது ஒன்று. 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கி எழுதுவது மற்றொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகவே திரையில் தெரியும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒரு தட்டச்சர் முதல் வகையிலும் அடுத்தவர் இரண்டாம் வகையிலும் உள்ளிட்டிருந்தால், தேடுபவருக்குப் பாதித் தொகுப்பே வரும். மீதி வரவில்லை என்பதும் தெரியாது. தவறான விடையைவிட ஆபத்தானது, முழுமைபோல் தோன்றும் குறை விடை.

ஒகர ஓகாரக் குறிகளுக்கும் இதே நிலை. 'கொ' என்பதில் உள்ள குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். இவை சமம் என்று யூனிகோடே அறிவித்திருப்பதால், என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைச் செய்தால் ஒன்றாகிவிடும். ஆனால் ஸ்ரீக்கு அந்த மருந்து பலிக்காது. 'ஔ' என்ற உயிருக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் அடித்துவைத்த பிழைக்கும் பலிக்காது. தமிழ் எண் ௧ இருக்க வேண்டிய இடத்தில் ககரமும், ௨ இருக்க வேண்டிய இடத்தில் உகரமும் அடித்துவைத்த பிழைக்கும் பலிக்காது. இவற்றுக்கெல்லாம் மாற்று விதிகளை மொழியறிந்தவர்தான் எழுத வேண்டும். உள்ளிடும்போதே அந்த விதிகள் இயங்கும்படி தரவுத்தளத்தில் கட்டுப்பாடுகளாக வைக்க வேண்டும். பின்னால் ஒருநாள் தூய்மைப்படுத்தலாம் என்று விட்டால், அந்த நாள் வருவதில்லை.

இதைவிடக் கொடியது பின்னங்களுக்கு நேர்வது. நிலக்கொடைக் கல்வெட்டின் உயிர் அளவையில் இருக்கிறது. மா, காணி, முந்திரி ஆகிய பின்னங்களுக்கான குறிகள் 2019இல்தான் யூனிகோடில் தமிழ் இணைப்புத் தொகுதியாக இடம்பெற்றன. கிரந்த எழுத்துத் தொகுதி 2014இல் வந்தது. இவை இரண்டும் யூனிகோடின் முதல் தளத்திற்கு வெளியே உள்ளன. யுடிஎஃப்8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 4 பைட் தேவை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் வெறும் 'யுடிஎஃப்8' என்று நெடுங்காலம் வழங்கிய வகையோ ஒரு குறிக்கு 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. கண்டிப்பு நிலை இயங்கினால் பிழைச்செய்தி வரும், அதுவே நற்பேறு. கண்டிப்பு நிலை அணைக்கப்பட்டிருந்தால், அந்தப் பின்னக் குறியில் தொடங்கி மீதிப் பாடம் முழுவதும் வெட்டப்பட்டு, ஓர் எச்சரிக்கையோடு சேமிக்கப்படும். அந்த எச்சரிக்கையை எவர் படிக்கிறார்? ஆயிரம் ஆண்டு கல்லில் நின்ற நிலக்கொடை, அளவை வரும் இடத்தில் பாதியில் அறுந்து கணினிக்குள் போய்ச் சேரும். 'யுடிஎஃப்8எம்பி4' என்ற வகையைத் தொடக்கத்திலேயே தேர்ந்தால் இது நேராது. ஒரு சொல்லில் இருக்கிறது ஒரு கொடையின் ஆயுள்.

ஆரக்கிள் பயன்படுத்துவோர்க்கும் ஒரு குழி உண்டு. 4000 என்று புலத்தின் அளவைக் கொடுத்தால், வேறெதுவும் சொல்லாதவரை அது பைட் கணக்கு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ஆகவே 1333 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். உயிர்மெய் பலவும் இரு குறிகளால் ஆனவை என்பதையும் சேர்த்தால், ஆங்கிலத்திற்குத் தாராளமாக இருந்த புலம் தமிழுக்கு ஒரு பத்திக்குமேல் தாங்காது.

அச்சுப் பதிப்புகளை அப்படியே உள்ளிடுவதிலும் சிக்கல் உண்டு. ஐயத்திற்குரிய எழுத்தைப் பகர அடைப்புக்குள்ளும், பதிப்பாசிரியர் சேர்த்ததை உடுக்குறியோடும் அச்சிடுவது மரபு. வரி எண்கள் சொல்லின் நடுவே விழும். 'இரா[ஜ]ராஜ' என்று சேமித்திருந்தால் 'இராஜராஜ' என்று தேடுபவருக்கு அது கிடைக்காது. கல்லிலோ பெரும்பாலும் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவில் வரும். எனவே மூன்று புலங்கள் கட்டாயம்: கல்லில் உள்ளபடி ஒன்று, அறிஞர் திருத்திய வாசிப்பு ஒன்று, குறிகளெல்லாம் நீக்கித் தேடலுக்கென்றே இயல்பாக்கிய வடிவம் ஒன்று. மூன்றாவதை மனிதர் எழுத வேண்டாம்; இரண்டாவதிலிருந்து நிரல் உருவாக்கட்டும். முதலாவதை எவரும் தொடக்கூடாது.

வரிசைப்படுத்தலில்கூடத் தமிழைத் தமிழாக நடத்தச் சொல்லிக் கட்டளையிட வேண்டியிருக்கிறது. குறியெண் வரிசைப்படி அடுக்கினால் ற, ல, ள, ழ, வ என்று வரும். சகரத்திற்கும் ஞகரத்திற்கும் நடுவே ஜகரம் வந்து உட்காரும். க் என்பது க என்பதற்குப் பின்னால் போகும். நெடுங்கணக்கு கற்ற குழந்தைகூட ஏற்காத வரிசை அது. ஐசியு நூலகத்தின் தமிழ் வரிசைமுறையைத் தேர்ந்தால் இது தீரும். வரிசைமுறையை எதிலிருந்து எடுக்கிறோமோ அதன் பதிப்பு மாறும்போது அடைவுகளைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 2018இல் லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் வரிசை விதிகளை மாற்றியபோது, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களில் பழைய விதிப்படி கட்டிய அடைவுகள், உள்ள பதிவையே இல்லை என்று சொல்லும் நிலைக்கு ஆளாயின.

மூன்றாவது மூடநம்பிக்கை, பெரிய சர்வர் வாங்கினால் போதும்.

ஒரு கல்வெட்டுக்குச் சராசரியாக 1000 குறிகள் என்று தாராளமாகவே கொள்ளலாம். ஒரு குறிக்கு 3 பைட். ஒரு லட்சம் கல்வெட்டுக்கு 30 கோடி பைட். ஏறத்தாழ 300 எம்பி. ஓர் ஆய்வு மாணவரின் பழைய மடிக்கணினியின் நினைவகத்தில் இது முழுதாக அடங்கிவிடும். படங்கள் பெரியவைதான், அவற்றைத் தரவுத்தளத்திற்கு வெளியே கோப்புகளாக வைத்து, முகவரியையும் சரிபார்ப்பு எண்ணையும் மட்டும் உள்ளே வைப்பது முறை. ஆக, இந்த அளவுள்ள தரவு மெதுவாக ஓடினால் குற்றம் இயந்திரத்தில் இல்லை. வன்பொருளுக்கு நிதி கேட்கும் திட்ட அறிக்கைகள் எழுதுவது எளிது. வினவலின் திட்டத்தைப் படிப்பது கடினம். அதனால்தான் முதலாவது நடக்கிறது.

எக்ஸ்ப்ளெய்ன் என்ற கட்டளை எல்லாத் தரவுத்தளங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. ஒரு வினவலுக்கு விடை காணத் தரவுத்தளம் எந்த வழியில் நடக்கப்போகிறது என்பதை அது சொல்லும். அதைப் பார்க்காமல் வேகத்தைப் பற்றிப் பேசுவது, நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவது. பேயரும் மெக்ரைட்டும் வகுத்துத் தந்த பி-ட்ரீ என்ற மர வடிவ அடைவில், ஒரு கணுவில் 200 திறவுகள் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், மூன்று படிகளில் 80 லட்சம் பதிவுகளை எட்டலாம். ஒரு லட்சம் பதிவுகளில் ஒன்றைக் காண மூன்று படிகள் இறங்கினால் போதும். அடைவு இல்லாதபோது ஒரு லட்சத்தையும் தொட வேண்டும்.

ஆனால் எல்லாப் புலத்திற்கும் அடைவு கட்டுவதும் அறியாமையே. இங்கேதான் இந்த வழக்கின் முரண்நகை இருக்கிறது. 'மொழி' என்ற புலத்தை எடுத்துக்கொள்வோர், அதற்கு அடைவு கட்டினால் தேடல் வேகமாகும் என்று எண்ணலாம். ஆகாது. தொகுப்பில் ஒரு பெரும்பங்கு ஒரே மொழியில் இருக்கும்போது, 'தமிழ்' என்று கேட்பது தொகுப்பின் பெரும்பகுதியைக் கேட்பதாகும். தரவுத்தளத்தின் திட்டமிடுவான் அந்த அடைவைத் திரும்பியும் பாராமல் முழு வருடலையே தேர்ந்தெடுக்கும், அதுவே சரியும்கூட. பிரித்தறியும் ஆற்றல் குறைந்த புலம் அது. நீதிமன்றத்திலும் நாளேட்டிலும் நடந்த போராட்டம் முழுவதும் அந்த ஒரு புலத்தைப் பற்றியது. ஊர், சொல், அளவை, பதவி ஆகிய பிரித்தறியும் புலங்களைப் பற்றி எவரும் வழக்குத் தொடுக்கவில்லை.

பல புலங்களைச் சேர்த்துக் கட்டும் அடைவில் வரிசை முக்கியம். மாவட்டம், வட்டம், ஊர் என்ற வரிசையில் கட்டினால், ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்து தேடுபவருக்கு அது பெரும்பாலும் பயன்படாது. இடவாரி அச்சு அடைவுகளைப் புரட்டியவர்க்கு இது அனுபவத்தில் தெரியும்: மாவட்டம் தெரியாமல் அவற்றில் ஊரைத் தேடுவது எத்தனை பாடு! சொல்லின் நடுப்பகுதியைத் தேடும் வினவலுக்கும் பி-ட்ரீ உதவாது. தமிழிலோ புணர்ச்சியும் வேற்றுமை உருபும் சேர்ந்து 'ஏரி' என்பது 'பெருவேரி', 'ஏரிக்கு', 'ஏரியாயம்' என்று மாறி நிற்கும். மும்மூன்று குறிகளாகப் பகுத்து அடைவு செய்யும் வசதி போஸ்ட்கிரெஸில் உண்டு. அது தமிழின் உயிர்மெய்க் குறிகளை எழுத்தாகக் கொள்கிறதா, சொல்லைப் பிளக்கும் நிறுத்தக்குறியாகக் கொள்கிறதா என்பதைத் தன் கணினியில் சோதித்த பிறகே நம்ப வேண்டும். அதைவிட நிலையான வழி, சொற்களைப் பகுத்து வேர்ச்சொல்லோடு தனி அட்டவணையில் வைப்பது. சுப்பராயலுவின் தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி இரண்டு தொகுதிகளாகக் கைவசம் இருக்கும் மொழியில், அந்த அட்டவணைக்கு அடித்தளம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

மேலும் சில நடைமுறைகள் சுருக்கமாக. மொத்தமாக உள்ளிடும்போது முதலில் தரவை ஏற்றிப் பிறகு அடைவு கட்டுவது விரைவானது. ஏற்றிய பின் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் கட்டளையை ஓட்டாவிட்டால், திட்டமிடுவான் வெற்று அட்டவணை என்று நினைத்தே வழி வகுக்கும். நூறு கல்வெட்டுகளைக் காட்டும் ஒரு பக்கத்திற்கு முதலில் ஒரு வினவல், பிறகு ஊர்ப் பெயருக்காகக் கல்வெட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வினவல் என்று 101 முறை தரவுத்தளத்தின் கதவைத் தட்டும் நிரல்கள் ஏராளம். ஓர் இணைப்பு வினவலில் முடியும் வேலை அது. இந்தத் திருத்தங்கள் எதற்கும் பணம் தேவையில்லை.

காப்புப்படியைப் பற்றி ஒரு சொல். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 2018 செப்டம்பரில் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது பழங்குடி மொழிகளின் ஆவணங்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே படி என்பது எந்த ஊராயினும் ஆபத்தே. மின்படிக்கும் அதே விதி. 2017 ஜனவரி இறுதியில் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவை அழித்தபோது, ஐந்து வகைக் காப்பு முறைகள் இருந்தும் எதுவும் திட்டமிட்டபடி கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு படியே காப்பாற்றியது. மீட்டெடுத்துப் பார்க்காத காப்புப்படி, காப்புப்படி இல்லை. நகல் சர்வரும் காப்புப்படி ஆகாது. அழிக்கும் கட்டளையையும் அது நொடியில் விசுவாசமாக நகலெடுக்கும்.

இரண்டு மறுப்புகள் எழும். 'இதெல்லாம் கணினித் துறையின் வேலை' என்பது ஒன்று. இராசகேசரி என்பது பெயரா பட்டமா என்று கணினித் துறை அறியாது. ஶகரமும் ஸகரமும் எங்கே ஒன்றாகும், எங்கே ஆகாது என்று அறியாது. அட்டவணை வடிவமைப்பு என்பது அறிவின் வடிவமைப்பு. அதை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பிறகு அவர் கட்டிய அறைக்குள் ஆய்வு செய்ய முயல்வது துறைக்கே இழுக்கு. முனைவர்ப் பட்டத்திற்கு ஐந்தாண்டு உழைத்துச் சேர்த்த எக்செல் தாள், பட்டம் பெற்ற மறுநாள் எவருக்கும் திறக்கத் தெரியாத கோப்பாகி மறைகிறது. அடுத்த மாணவர் முதல் நிரையிலிருந்து தொடங்குகிறார். முழு வருடல், தலைமுறை தலைமுறையாக.

'முதலில் தாள்கள் தமிழ்நாட்டுக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம்' என்பது மற்றொன்று. இதில் நியாயம் உண்டு. படிக்கத் தெரிந்தோர் மிகுதியாக உள்ள இடத்தில் மூலம் இருப்பது நல்லது; சிதையும் தாளுக்குப் பராமரிப்பு உரிமையோடு கேட்கப்பட வேண்டியது. செம்மொழித் தமிழ் உயராய்வுப் பணிகளும் மைசூரின் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் தொடங்கி 2008இல் சென்னைக்கு வந்தவையே. ஆனால் பட்டியல் இல்லாமல் நடக்கும் இடமாற்றம், எதை அனுப்பினோம், எதைப் பெற்றோம் என்று சரிபார்க்க வழியில்லாத இடமாற்றம். தரவை ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்துபவர், இருபுறமும் எண்ணிக்கையும் சரிபார்ப்பு எண்ணும் ஒத்துப்போகாதவரை பழையதை அணைப்பதில்லை. காகிதத்திற்கும் அந்த மரியாதை வேண்டும்.

மைசூர் இதற்கு மிகப் பொருத்தமான ஊர் என்பதையும் சொல்ல வேண்டும். கல்வெட்டியல் பிரிவு 1966 முதல் அங்கே. மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் மானசகங்கோத்ரியில். இந்திய மொழிகளுக்கான பனுவல், பேச்சுத் தரவுகளைத் தொகுக்கும் மொழியியல் தரவுக் கூட்டமைப்பும் அந்த நிறுவனத்திலேயே. கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவரும் மொழித் தரவைக் கட்டமைக்கத் தெரிந்தவரும் அரை நூற்றாண்டாக ஒரே ஊரின் காற்றைச் சுவாசிக்கின்றனர். தமிழ், கன்னடம் என்று கோடு கிழித்து மல்லுக்கு நிற்போர் இந்த வாய்ப்பைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஆகவே கோரிக்கை எளியது. கல்வெட்டு ஒவ்வொன்றுக்கும் என்றும் மாறாத ஓர் எண். ஒரு கல்வெட்டுக்கு ஒரு நிரையாக, எவரும் இறக்கிக்கொள்ளக்கூடிய வெற்று உரைக் கோப்பில் பட்டியல்: ஆண்டறிக்கை எண், ஊர், இருப்பிடம், கல் சொல்லும் அரசன் பெயரும் ஆட்சியாண்டும், பதிப்பு விவரம், படிகளின் எண்ணிக்கை, மைப்படி இன்று இருக்கும் இடம். படம் பிறகு வரலாம். பாடம் அதற்கும் பிறகு வரலாம். பிழை கண்டவர் தெரிவிக்கவும், திருத்தம் யாரால் எப்போது நடந்தது என்று பதியவும் ஓர் அட்டவணை. ஆண்டுக்கு ஒருமுறை காப்புப்படியிலிருந்து முழுமையாக மீட்டெடுத்துக் காட்டும் பொதுச் சோதனை. இதைக் கேட்டுப் பல்கலைக்கழகங்களின் வரலாற்று, மொழியியல், தமிழ்த் துறைகள் ஒருமுறையேனும் ஒன்றாகக் கையெழுத்திட்டால், ஊர் பற்றிய சண்டையில் பாதி தானாகவே அடங்கும்.

1919இல் ரங்காச்சாரியாவிடம் கணினி இல்லை, சர்வர் இல்லை, ஒரு லட்சம் என்ற அறிவிப்பும் இல்லை. பட்டியல் இருந்தது. நூறாண்டுக்குப் பிறகு எல்லாம் இருக்கிறது. எத்தனை என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு விடை வருகிறது.